யார் சுவிட்சைப் போடப் போவது? ஸ்பீக்கருக்கு டிஎஸ்பி வாங்குமுன் ஓர் ஒப்பீடு

"அண்ணே, நாலு பெட்டி பார்த்து வச்சிருக்கேன். எதை வாங்கலாம், நீங்களே சொல்லுங்க."

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளிக் குடியிருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் இப்படிக் கேட்டார். தாழ்வு, நடு, உச்சம் என மூன்று ஒலிக்கும் தனித்தனி ஸ்பீக்கர் கொண்ட மூன்று வழி ஸ்பீக்கர் ஒரு ஜோடியைத் தன் கையால் பலகை அறுத்துக் கட்டி முடித்திருந்தார். அதே வாரம், நான் ஒலி பார்த்துக் கொடுக்கும் பஜனைக் குழுவின் செயலாளர் அக்காவும் கேட்டார்: "டிஎஸ்பின்னு ஒண்ணு போட்டா பாட்டு தெளிவாக் கேக்குமாமே, நாமளும் வாங்கிடலாமா?" இருவரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது சுவிட்சைப் போடப் போவது யார்?

கேள்வி சம்பந்தமில்லாமல் தோன்றலாம். இந்தப் பெட்டிகளை ஒப்பிட எனக்கு இதைவிடப் பயனுள்ள அளவுகோல் கிடைக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

டிஎஸ்பி என்பது ஒலியை எண்களாக்கிக் கணக்கிட்டுத் திருத்தும் கருவி. அது செய்வது மூன்று வேலை. ஒலியைத் தாழ்வு, நடு, உச்சம் எனப் பிரித்து உரிய ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஒன்றோடொன்று நேரம் பொருந்தும்படி தாமதம் கொடுக்கும். மேடுபள்ளங்களைச் சமன்செய்து, அளவு மீறும்போது அடக்கும். பிரிக்கும் வேலையை முன்பு பெட்டிக்குள்ளிருந்த செம்புச் சுருளும் மின்தேக்கியும் செய்தன. அவை மறதி அறியாதவை. மின்சாரம் போய் வந்தாலும், யார் எந்தப் பொத்தானைத் தட்டினாலும், உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டருக்குத் தாழ்ந்த ஒலி போகாது. அந்த மின்தேக்கியை எடுத்துவிட்டு ஆம்பிலிருந்து நேரே ட்வீட்டருக்குக் கம்பி இழுத்தால், இரண்டுக்கும் நடுவே காவலாக நிற்பது வெறும் மென்பொருள். அது ஒரு நொடி தவறினாலும் போதும். ட்வீட்டரின் குரல்சுருள் மயிரிழை போன்ற கம்பி.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு வழி ஸ்பீக்கர் ஒன்றை முழுக்க டிஎஸ்பிக்கு மாற்றினேன். வடிகட்டிகளைத் திரையில் மூன்று முறை சரிபார்த்தேன். கருவிகளை அடுக்கி வைத்த ராக்கின் பின்னால் கையை விட்டு இரண்டாம் கேபிளையும் மூன்றாம் கேபிளையும் இடம் மாற்றிச் செருகியதைப் பார்க்கவில்லை. ஒரு தவில் பதிவைப் போட்டேன். தொப்பிப் பக்கத்தின் கனத்த அடி முழுதும் ட்வீட்டருக்குப் போனது. ஓர் ஆவர்த்தனம்கூடத் தாங்கவில்லை.

ஆகவே எந்தப் பெட்டி வாங்கினாலும் முதல் செலவு ஒரு மின்தேக்கி. ட்வீட்டருக்குத் தொடராக ஒரு ஃபிலிம் வகை மின்தேக்கி, குறைந்தது 100 வோல்ட் தாங்குவது. 8 ஓம் ட்வீட்டருக்கு 20 மைக்ரோஃபாரட் போட்டால் வெட்டுப்புள்ளி, அதாவது அதற்குக் கீழுள்ள ஒலி குறையத் தொடங்கும் இடம், ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸ். 47 மைக்ரோஃபாரட் என்றால் 420 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். டிஎஸ்பியில் 2500 ஹெர்ட்ஸில் பிரிக்கிறீர்கள் என்றால் 20 போதும். அது கேட்கும் ஒலியில் சிறு மாற்றம் செய்யும். அதைப் பொருத்திய பிறகு அளந்து, டிஎஸ்பியிலேயே சரிசெய்துகொள்ளலாம். சுத்தமான பாதையில் மின்தேக்கி எதற்கு என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வீட்டில் சுவிட்சைப் போடுவது அவர்கள் மட்டுமே.

இனி பெட்டிகளுக்கு வருவோம்.

கணினியும் காமில்லாடிஎஸ்பியும்

செலவில் மிகக் குறைந்த வழி, திறனில் மிகப் பெரிய வழி, இரண்டும் இதுதான். காமில்லாடிஎஸ்பி இலவச மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். ராஸ்ப்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியே போதும். கூடவே பல சேனல் வெளியீடு கொண்ட ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். சிறு பெட்டிகள் நினைத்துப் பார்க்க முடியாத நீளத்துக்கு எஃப்ஐஆர் வடிகட்டிகளை (ஒலியைப் பல படிகளில் கணக்கிட்டுச் செதுக்குபவை) இது கையாளும்.

நீளத்துக்கு விலை உண்டு. எல்லா ஒலியையும் சம நேரம் தாமதிக்கும் நேர்கட்ட எஃப்ஐஆர் வடிகட்டியில் 4096 படிகள், நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால், ஒலி ஏறத்தாழ 43 மில்லி விநாடி தாமதித்து வெளியே வரும். தனியாக உட்கார்ந்து சஞ்சய் சுப்ரமணியன் கச்சேரி கேட்க அது ஒரு குறையே இல்லை. அதே தாமதத்தோடு மேடையில் ஒருவர் பாடினால், தன் குரல் பின்னால் வந்து முட்டுவது அவருக்குத் தெரியும், தாளம் தடுமாறும். நேரடி நிகழ்ச்சிக்கு இந்த வழியை நான் விலக்குவதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. கணினி பொதுவேலைக்காரன். இயங்குதளம் புதுப்பித்துக்கொண்டு எழும்போது ஒலியை வேறு சாதனத்துக்குத் திருப்பிவிடலாம். வடிகட்டும் மென்பொருள் தொடங்குமுன் அறிவிப்பு மணி அடிக்கலாம். மிகத் தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் சேர்ப்பதற்கும் அறையின் ஒலியைத் திருத்துவதற்கும், ஸ்பீக்கருக்குள் ஒலியைப் பிரிக்கும் பழைய கிராஸ்ஓவர் அப்படியே இருக்கும் நிலையில், இது அருமையான வழி. காப்பு மின்தேக்கி இல்லாத ட்வீட்டரை இதனோடு இணைக்க மாட்டேன்.

சிறு பலகைகள்

அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஏயு1701 சில்லு பொருத்திய பலகைகள் சில பத்து வெள்ளிக்கு இணையத்தில் கிடைக்கின்றன. இரண்டு உள்ளீடு, நான்கு வெளியீடு. சிக்மாஸ்டுடியோ என்னும் இலவச மென்பொருளில் கட்டங்களை இழுத்துவிட்டு, கோடு போட்டு இணைத்து, நிரலைத் தயாரிக்கலாம். டிஎஸ்பி எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள விரும்பும் பாலிடெக்னிக் மாணவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இது பெட்டியல்ல, பலகை. உறை, மின்வழங்கி, உள்ளே வரும் ஒலியின் அளவைக் குறைக்கும் சுற்று எல்லாம் உங்கள் பொறுப்பு. சில்லின் வெளியீடு உச்சத்தில் 0.9 வோல்ட்தான், பெரிய ஆம்பை முழுதாக ஓட்ட இது போதாமல் போகலாம். நிரலை நினைவுச் சில்லில் எழுதி, தானே தொடங்கும்படி அமைக்காவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் பலகை ஊமையாகிவிடும். ஒவ்வொரு முறை புது நிரலை இறக்கும்போதும் வெளியீட்டில் 'டப்' என்று சத்தம் வரக்கூடும். இறக்குமுன் ஆம்பை அணையுங்கள். ஒலியைக் குறைத்து வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். அணையுங்கள்.

மினிடிஎஸ்பி வகைப் பெட்டிகள்

வீட்டில் ஒலி கேட்பவர்களில் பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம் இது. ஹாங்காங்கைச் சேர்ந்த மினிடிஎஸ்பியின் 2×4 எச்டி இரண்டு உள்ளீடு, நான்கு வெளியீடு கொண்டது. யூஎஸ்பி, ஆப்டிகல் இரண்டிலும் ஒலியை வாங்கும். உள்ளே 96 கிலோஹெர்ட்ஸில் கணக்குப் போடும். எஃப்ஐஆர் படிகள் எல்லாச் சேனலுக்கும் சேர்த்து 4096. இசையைச் செதுக்கும் பெரும்பாலான வேலைக்கு இது தாராளம். கணினியை ஒருமுறை இணைத்து அமைத்துவிட்டால் பிறகு கணினியே வேண்டாம்.

தம்பி இதைத்தான் முதலில் எடுத்து வைத்திருந்தார். அவரிடம் நான் சொன்னது: வெளியீட்டை எண்ணிப் பாருங்கள். மூன்று வழி ஸ்பீக்கர், இடம் வலம் இரண்டு. மொத்தம் ஆறு சேனல். நான்கு வெளியீட்டுப் பெட்டி பத்தாது. எட்டு வெளியீடு கொண்ட ஃப்ளெக்ஸ் எய்ட் போக வேண்டும், அல்லது பிரிக்கும் முறையையே மாற்ற வேண்டும். பெட்டியின் சிறப்புகளைப் பல நாள் படித்துவிட்டு இந்த ஒற்றைக் கூட்டல் கணக்கை விட்டுவிடுபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இந்த வகைப் பெட்டிகளில் எனக்கு உறுத்தும் ஒரே இடம் ப்ரீசெட், அதாவது ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளும்படி சேமித்து வைக்கும் அமைப்பு. நான்கு ப்ரீசெட்டில் ஒன்றை மட்டும் அமைத்துவிட்டு மீதி மூன்றை அப்படியே விட்டிருப்பார்கள். தொடாத ப்ரீசெட்டில் கிராஸ்ஓவர் எதுவும் இருக்காது. வரும் ஒலி முழுதும் எல்லா வெளியீட்டுக்கும் போகும். குழந்தை ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், ட்வீட்டருக்குப் பாஸ் என்ற தாழ்ந்த ஒலி போய்விடும். நான்கிலும் பாதுகாப்பான அமைப்பை நிரப்பி வையுங்கள். நான்கும் ஒன்றாகவே இருந்தாலும் பரவாயில்லை. மென்பொருள் புதுப்பித்த பிறகும் ஆம்பை அணைத்த நிலையிலேயே நான்கையும் திறந்து பாருங்கள்.

ஆம்பும் டிஎஸ்பியும் ஒரே தகட்டில்

ஹைபெக்ஸ் ஃபியூஷன்ஆம்ப் போன்றவை ஸ்பீக்கரின் முதுகில் பொருத்தும் தகடுகள். டிஎஸ்பியும் ஆம்பும் ஒரே பலகையில் இருக்கும். எஃப்ஏ123 என்பதில் 125 வாட் இரண்டும் 100 வாட் ஒன்றுமாக மூன்று சேனல். மூன்று வழி ஸ்பீக்கருக்கென்றே செய்தது போல இருக்கும். ஒரு ஸ்பீக்கருக்கு ஒன்று, ஜோடிக்கு இரண்டு.

என் அளவுகோலில் இதுவே முதலிடம். ட்வீட்டர் கம்பி உள்ளேயே ட்வீட்டர் சேனலில் முடுக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து யாரும் மாற்றிச் செருக வழியில்லை. டிஎஸ்பி எழுவதும் ஆம்ப் திறப்பதும் ஒரே பலகையின் கட்டுப்பாட்டில் நடக்கும். பாட்டி சுவிட்சைப் போட்டாலும் பேரன் போட்டாலும் ஒன்றுதான்.

பொருத்தும் நேரத்தில் மட்டும் மிகக் கவனம். 230 வோல்ட் நேரே அந்தத் தகட்டுக்குள் வருகிறது. பின்பக்கம் திறந்த பலகை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் கொஞ்ச நேரம் தங்கும். கைவேலையில் பழக்கமில்லாதவர் திறந்த தகட்டோடு சோதனை செய்யவே கூடாது. பெட்டியில் திருகி மூடிய பிறகுதான் மின்சாரம். நம் ஊர் வெக்கையையும் எண்ணிப் பாருங்கள். சுவரோடு ஒட்டி, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் இதை அடைத்தால் ஆயுள் குறையும்.

ராக் வகை

மேடைக்கு இவைதான். டிபிஎக்ஸ் டிரைவ்ராக் பிஏ2 இரண்டு உள்ளீடு, ஆறு வெளியீடு; ஒலியை அளக்கும் மைக் செருக முகப்பிலேயே இடம் உண்டு; மைக் ஊளையைத் தேடி வெட்டும் வசதி, அளவு மீறும் ஒலியை அடக்கும் லிமிட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கும். பெரிங்கர் டிசிஎக்ஸ்2496 பழையது. மூன்று உள்ளீடு, ஆறு வெளியீடு. இன்றும் பல ராக்குகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. இவற்றின் பலம் இரைச்சலைத் தவிர்க்கும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் இணைப்பும் உயர்ந்த சிக்னல் அளவைத் தாங்கும் திறனும்.

டிஎஸ்பி ஏற்கெனவே உள்ளே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் எதுவும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல மைக் வாங்குங்கள்.

வோல்ட் கணக்கு

பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் கிராஸ்ஓவர் வகைகளைப் பார்த்து யாரும் மலைக்க வேண்டாம். 1976இல் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த லிங்க்விட்ஸ்-ரைலி வடிகட்டிதான் இன்றும் பெரும்பாலோர் பயன்படுத்துவது. ஒரு ஸ்தாயிக்கு (ஆக்டேவ்) 24 டெசிபல் சரிவு. சந்திக்கும் புள்ளியில் இரண்டும் 6 டெசிபல் இறங்கி நின்று, சேரும்போது சமமாகும். இது மேலே சொன்ன எல்லா வழிகளிலும் உண்டு. பெட்டிக்குப் பெட்டி உண்மையில் வேறுபடுவது வோல்ட்.

மேடை மிக்சரின் இயல்பு வெளியீடு +4 டிபியூ (சிக்னலின் வோல்ட்டைச் சொல்லும் டெசிபல் அளவு), அதாவது 1.23 வோல்ட். உச்சத்தில் பல மிக்சர்கள் +22 டிபியூ வரை, ஏறக்குறைய 9.8 வோல்ட் தரும். வீட்டுச் சாதனத்தின் இயல்பளவோ 0.316 வோல்ட். வீட்டுக்கான சிறு டிஎஸ்பி பெட்டிகள் பலவும் 2 வோல்ட்டில் முட்டி நிற்கும். அது +8 டிபியூவுக்குச் சற்று மேல். சமூக மன்ற மண்டபத்தில் அப்படியொரு பெட்டியை மிக்சருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்தால் என்னாகும்? மிக்சரில் பச்சை விளக்குதான் எரியும். டிஎஸ்பியின் உள்ளே அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கும். வெட்டுப்பட்ட அலையில் உச்ச ஒலியின் ஆற்றல் கூடுகிறது, அது நேரே ட்வீட்டருக்குப் போகிறது. "ஸ்பீக்கர் கரகரங்குது" என்று சொல்லி முடிப்பதற்குள் ட்வீட்டர் சூடேறியிருக்கும்.

தலைகீழான தவறும் உண்டு. ராக் டிஎஸ்பியை வீட்டு ஆம்போடு இணைத்து, டிஎஸ்பியில் 20 டெசிபல் குறைத்து வைப்பார்கள். அதன் அடித்தள இரைச்சல் ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்' என்று கேட்கும். குறைப்பதை டிஎஸ்பிக்குப் பிறகு, ஆம்பின் கெயினில் (பெருக்கும் அளவில்) குறைக்க வேண்டும்.

லிமிட்டரையும் வோல்ட்டில்தான் கணக்கிட வேண்டும். 8 ஓம், 100 வாட் வூஃபர் (தாழ்வொலி ஸ்பீக்கர்) என்றால் 28.3 வோல்ட். ஆம்பின் கெயின் 32 டெசிபல் என்றால் 40 மடங்கு. 28.3ஐ 40ஆல் வகுத்தால் 0.71 வோல்ட், சுமார் -0.8 டிபியூ. லிமிட்டரை அங்கே நிறுத்துங்கள். ட்வீட்டருக்கு அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 100 வாட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது பெரும்பாலும் கிராஸ்ஓவரோடு சேர்ந்த முழு ஸ்பீக்கரின் கணக்கு. நான் தொடர்ந்து 10 வாட் என்றே வைத்துக்கொள்கிறேன். 8 ஓமில் அது 9 வோல்ட்டுக்கும் குறைவு.

கம்பியும் பிளக்கும்

மேடை ஸ்பீக்கர்களுக்கான ஸ்பீக்கான் என்னும் நான்கு முனை இணைப்பில் 1+, 1- ஜோடியில் தாழ்வொலியும் 2+, 2- ஜோடியில் உச்சஒலியும் போவது பரவலான வழக்கம். எல்லாக் கேபிளும் ஒரே மாதிரி இருக்கும். முழு ஒலிக்கான கேபிளும் பிரித்த ஒலிக்கான கேபிளும் ஒரே பையில் கிடந்தால் ஒருநாள் மாறியே தீரும். வண்ண நாடா சுற்றுங்கள். இன்னொன்று: கிளாஸ்-டி ஆம்புகள் பலவற்றிலும், இரண்டு சேனலை ஒன்றாக்கிப் பிரிட்ஜ் செய்த எந்த ஆம்பிலும், ஸ்பீக்கரின் மைனஸ் முனை பூமி அல்ல. இரண்டு சேனலின் மைனஸைச் சேர்த்துக் கட்டவோ, பூமி இணைப்புள்ள அளவுகருவியை அங்கே பொருத்தவோ கூடாது.

ஹம் என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால் சிலர் செய்யும் காரியம் எனக்கு மனம் பதறவைக்கும். பிளக்கின் பூமி இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள், அல்லது இரண்டு முனை மாற்றியில் செருகுவார்கள். முனகல் நின்றுவிடும். ஆம்பின் உள்ளே ஒரு கம்பி கழன்று உறையைத் தொட்டால் அந்த உறை முழுதும் 230 வோல்ட். மைக்கைப் பிடித்திருப்பவரின் உதட்டில் அது முடியும். சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம். பழைய வீடுகளுக்கும் 2023 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கி, பொருத்திக்கொள்ள எரிசக்திச் சந்தை ஆணையம் ஈராண்டு அவகாசம் தந்தது. அது இருக்கிறது என்பதற்காகப் பூமியை வெட்டலாம் என்று ஆகாது.

முனகலுக்குச் சரியான வைத்தியம் வேறு. டிஎஸ்பி, மிக்சர், ஆம்ப் எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை ஒரே இடத்திலிருந்து எடுங்கள். முடிந்த இடமெல்லாம் எக்ஸ்எல்ஆர் சமநிலைக் கேபிள். தொலைக்காட்சியிலிருந்து டிஎஸ்பிக்கு ஆப்டிகல் கேபிள் போட்டால் பூமிச்சுற்றே அற்றுப்போகும். அதற்கும் மசியாவிட்டால் சிக்னல் பாதையில் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர்.

அடாப்டரைப் பற்றி ஒரு வரி: இணையத்தில் வாங்கும் பெட்டியோடு வரும் அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதே வோல்ட், அதே முனைத்துருவம் கொண்ட ஒன்றைச் சிம் லிம் டவரில் வாங்கிக்கொள்ளுங்கள். 5 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் திரும்பி வராது. ஆண்டில் 150 நாளுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது. வெளியே கிளம்பும்போது பிளக்கைக் கழற்றி வைப்பது நல்லது.

இப்போது சுவிட்சுக்கு வருகிறேன். நம் வீடுகளில் எல்லாச் சாதனமும் ஒரு நீட்டிப்புப் பலகையில் இருக்கும். சுவரில் ஒரு தட்டு, எல்லாம் ஒன்றாக எழும். டிஎஸ்பி தூக்கம் கலைந்து நிரலை ஏற்றச் சில நொடி ஆகும். ஆம்ப் அதற்குள் திறந்த காதோடு காத்திருக்கும். டிஎஸ்பியின் வெளியீட்டில் வரும் ஒவ்வொரு துடிப்பும் பெருகி ஸ்பீக்கருக்குப் போகும். வரிசை இதுதான்: மிக்சர், டிஎஸ்பி, கடைசியில் ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில். இந்த வரிசையை மனிதர்களின் நினைவில் விடாமல், வரிசையாக மின்சாரம் திறக்கும் பவர் சீக்வென்சரிடம் விடுங்கள்.

முதன்முறை ஒலி கொடுக்கும்போது நான் செய்வது: ஆம்பின் வெளியீடு ஒவ்வொன்றிலும் ஒரு பழைய, போனாலும் கவலையில்லாத சிறு ஸ்பீக்கரை மாட்டுவேன். மற்ற சேனல்களை ஊமையாக்கிவிட்டு, மெல்லிய இரைச்சல் ஒலி கொடுப்பேன். ட்வீட்டருக்கான கம்பியில் 'சிஸ்' என்று மட்டும் கேட்க வேண்டும். 'பொம்' என்று கேட்டால் எங்கோ கேபிள் மாறியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. தவில் பதிவோடு போன அந்த ட்வீட்டருக்குப் பிறகு ஒருமுறைகூட இதை நான் தவறவிட்டதில்லை.

அளப்பது

அளக்க யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக் ஒன்றும் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் போதும். மைக்கின் வரிசை எண்ணுக்குரிய திருத்தக் கோப்பை மறக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸில் ஒரு மேடு வரும், 4 மீட்டர் அகலத்துக்கு 43 ஹெர்ட்ஸில் இன்னொன்று. மேட்டைக் குறையுங்கள். பள்ளத்தைத் தூக்காதீர்கள்; அறையில் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம் அது, எவ்வளவு ஆற்றல் கொட்டினாலும் நிரம்பாது, வூஃபர்தான் களைக்கும்.

தாமதத்துக்கு ஒரு கணக்கு. குளிர்சாதன அறையில் 20 பாகையில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். புளோக் கீழ்த்தளத்தில் 30 பாகையில் 349 மீட்டர். 10 மீட்டர் தள்ளி வைத்த பின்வரிசை ஸ்பீக்கருக்கு இது அரை மில்லி விநாடி வித்தியாசம், பொருட்படுத்த வேண்டாம். வீட்டில் அப்படியல்ல. ட்வீட்டரின் சுருள் வூஃபரின் சுருளைவிட 3.5 செ.மீ. முன்னால் இருந்தால் 0.1 மில்லி விநாடி; 2500 ஹெர்ட்ஸில் அது கால் அலை. குரல் மங்கிப்போக அது போதும்.

இருவரும் வாங்கியது

தம்பியின் வீட்டில் சுவிட்சைப் போடுவது பெரும்பாலும் அவருடைய அம்மா. காலையில் சுப்ரபாதம் கேட்க. எனக்கு ஹைபெக்ஸ் தகடுதான் முதல் எண்ணம். ஜோடிக்கு ஆகும் செலவைக் கேட்டுத் தம்பி தயங்கினார், அது நியாயம். கடைசியில் வேறு விதமாகப் பிரித்தோம். நடுஒலிக்கும் ட்வீட்டருக்கும் இடையில் பழைய முறையில் சுருளும் மின்தேக்கியும். வூஃபரை மட்டும் 300 ஹெர்ட்ஸில் டிஎஸ்பி பிரிக்கும். ஆறு சேனல் நான்காகச் சுருங்கியது. 2×4 எச்டியே போதுமானதாகிவிட்டது. டிஎஸ்பி எப்போதாவது மறந்தாலும் ட்வீட்டர் தன் மின்தேக்கிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். முதல் ப்ரீசெட் பகலுக்கு. இரண்டாவது இரவு 10:30 மணிக்கு மேல், 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, பாஸையும் குறைத்தது. கீழ்வீட்டு மலாய்க் குடும்பத்தில் கைக்குழந்தை இருக்கிறது. மூன்றிலும் நான்கிலும் முதலாவதன் நகல்.

பஜனைக் குழுவில் சுவிட்சைப் போடுவது அன்று யார் முன்னால் வருகிறாரோ அவர். அவர்களுக்கு ராக் டிஎஸ்பி. மேல் ஸ்பீக்கர்களின் உள்ளே இருக்கும் கிராஸ்ஓவரைத் தொடவே இல்லை. சப்வூஃபரை 100 ஹெர்ட்ஸில் பிரித்தோம், லிமிட்டர் கட்டினோம், அமைப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினோம். ராக்கின் மேல் ஒரே ஒரு பெரிய சுவிட்ச் வைத்த சீக்வென்சர். கேபிள்களுக்கு நாடா சுற்றும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டார்: சப்புக்குச் சிவப்பு, மேலுக்கு மஞ்சள். ஸ்பீக்கரின் முதுகிலும் அதே நிறம். போன சனிக்கிழமை கீழ்த்தளத்தில் நான் போய்ச் சேர அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது. படிக்கட்டிலேயே பிள்ளையார் பாட்டு கேட்டது.